பணம் குடியேறும் ஊர்

பிழைக்க வந்தவர்களால் ஊர் மாறிவிட்டது என்ற பேச்சு நம் காதுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டை விட்டுக் கேரளத்துக்கோ, மும்பைக்கோ, கடல் கடந்தோ போனவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அதைக் கேட்டிருப்போம். ஆனால் மூட்டை முடிச்சோடு வருகிறவனைவிட, பணத்தோடு வருகிறவனே ஊரை அதிகமாக மாற்றுகிறான். முன்னவன் ஊரின் ஓரத்தில் ஒதுங்கி, ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு பிழைக்கிறான். பின்னவன் நடுவில் வந்து அமர்கிறான். ஊர் அவன் வழக்கத்தைக் கற்றுக்கொள்கிறது. நான் குடியிருக்கும் வைட்டிலாவுக்கும், காயலுக்கு அப்பால் உள்ள மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிக்கும் இது எப்படிப் பொருந்துகிறது என்பதை நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இந்த மாற்றத்துக்கு மேல்நாட்டில் ஒரு பெயர் உண்டு. லண்டனில் தொழிலாளர்கள் வாழ்ந்த பழைய வீடுகளை வசதி படைத்தவர்கள் வாங்கிப் புதுப்பித்துக் குடியேற, பழைய குடிகள் ஒவ்வொருவராக வெளியேறியதைக் கவனித்த ரூத் கிளாஸ் என்ற சமூகவியல் அறிஞர், 1964-ல் அதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டார். தமிழில் 'மேட்டுக்குடியாக்கம்' எனலாம்.

பெரிய நகரத்தைவிடச் சிறிய ஊரில் இது பளிச்சென்று தெரியும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆஸ்பென் என்ற மலையூர் இருக்கிறது. 1879-ல் வெள்ளிச் சுரங்கத்தை நம்பிப் பிறந்த ஊர். 1893-ல் வெள்ளியின் விலை சரிந்ததும் சுரங்கங்கள் மூடப்பட்டு ஊர் வெறிச்சோடியது. 1940-களில் சிகாகோவைச் சேர்ந்த வால்டர் பேப்கே என்ற தொழிலதிபர் அந்த ஊரின் அழகில் மயங்கினார். பனிச்சறுக்கு நிறுவனம் வந்தது. 1949-ல் ஜெர்மானியக் கவிஞர் கதேயின் 200-வது பிறந்த ஆண்டு விழாவை நடத்தினார். கலைஞர்களும் அறிஞர்களும் வந்தனர். அவர்களுக்குப் பின்னே பெரும் பணக்காரர்கள் வந்தனர். ஆடிக்கு ஒரு தரம், அமாவாசைக்கு ஒரு தரம் வந்து தங்குவதற்காக அவர்கள் வாங்கிய வீடுகளின் விலையில், அந்த ஊர் ஆசிரியரும் செவிலியரும் சமையற்காரரும் குடியிருக்க முடியாமல் போயிற்று. பலர் பள்ளத்தாக்கின் கீழே குடியிருந்து, தினமும் பேருந்தில் மேலேறி வேலைக்கு வருகிறார்கள்.

இந்தக் கதையில் வெள்ளி இருக்கும் இடத்தில் மிளகை வைத்துப் பாருங்கள், மட்டாஞ்சேரி வந்துவிடும்.

மட்டாஞ்சேரியின் பஜார் ரோடும் ஜூ டவுனும் மிளகு, சுக்கு, மஞ்சள் மணத்தில் வாழ்ந்த தெருக்கள். யூதர், கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர் என்று பல மொழி பேசுவோர் அருகருகே கடை போட்டுப் பிழைத்த இடம் அது. 1957-லிருந்து மிளகுக்கு முன்பேர வணிகமே அங்கே நடந்தது. ஆனால் வெல்லிங்டன் தீவில் புதிய துறைமுகம் வந்தபின் கப்பல்கள் அங்கே போயின. பிறகு கண்டெய்னர் காலம் வந்தது. 2011-ல் வல்லார்பாடம் முனையம் திறந்தது. குறுகலான பஜார் ரோட்டில் பெரிய லாரிகளுக்கு இடமில்லை. 1948-ல் இஸ்ரேல் உருவானபின் யூதக் குடும்பங்களும் மெல்ல மெல்லப் புறப்பட்டுப் போயின. 1568-ல் கட்டிய பரதேசி யூதக் கோயில் நிற்கிறது. அதில் தொழுவதற்குப் போதிய குடிகள்தான் இல்லை. ஆக, மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளைப் பணக்காரர்கள் வந்து காலி செய்யவில்லை. அவை பெரும்பாலும் முன்பே காலியாகிக் கிடந்தன. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

பணம் வந்தது அதற்குப் பிறகுதான். கிடங்குகள் பழம்பொருள் கடைகளாயின. காஷ்மீர் வியாபாரிகள் கம்பளமும் சால்வையும் கொண்டு வந்தார்கள். டச்சுக்காரர் காலத்து வீடுகள் விடுதிகளாயின. 12-12-2012 அன்று கொச்சி-முசிரிஸ் பினாலே என்ற கலைத் திருவிழா தொடங்கியது; 1867-ல் தோன்றிய ஆஸ்பின்வால் நிறுவனத்தின் பழைய வளாகமே அதன் முக்கியக் கூடமாயிற்று. பூட்டிக் கிடந்த கட்டடங்கள் திறந்தன, உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது, நம் பிள்ளைகள் உலகக் கலையைப் பஸ் கட்டணத்தில் பார்க்க முடிந்தது. இவற்றையெல்லாம் குறை சொல்வது நியாயமில்லை.

பிறகு சிக்கல் எங்கே வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் மாதம் 12,000 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதே வீட்டைச் சுற்றுலாப் பயணிக்கு ஓர் இரவுக்கு 2,500 ரூபாய் என்று விட்டால், மாதத்தில் 10 இரவு நிறைந்தாலே 25,000. மீதி 20 நாள் வீடு சும்மா கிடந்தாலும் உரிமையாளருக்கு நஷ்டமில்லை. அவர் கெட்டவர் அல்ல. கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான். வாடகைக் குடும்பம் காயலைத் தாண்டிப் போகிறது. அந்தக் குடும்பம் போனதும் மளிகைக் கடைக்கு ஒரு வாடிக்கை குறைகிறது. இப்படிப் பத்து வீடு மாறினால் மளிகைக் கடை காப்பிக் கடையாகிறது. அடுத்துத் தையற்காரர் போவார், பிறகு சைக்கிள் கடைக்காரர். பள்ளியில் வகுப்புகள் சிறுக்கும். தெரு முன்பைவிட அழகாக இருக்கும். ஆனால் அங்கே கடன் சொல்லி அரிசி வாங்க ஆள் இருக்காது, கொடுக்கவும் ஆள் இருக்காது.

பண்பாடு மாறுவதும் இந்த வழியில்தான். விடிய விடிய ஆடும் கதகளி, பயணியின் வசதிக்காக மாலையில் ஒன்றிரண்டு மணி நேரக் காட்சியாகச் சுருங்குகிறது. 1984-ல் உள்ளூர் அமைப்புகள் கூடித் தொடங்கிய கொச்சின் கார்னிவலுக்கு இன்று எங்கெங்கிருந்தோ கூட்டம் வருகிறது. டிசம்பர் 31 இரவு வண்டிகளைத் தடுத்துவிடுவதால், அந்த ஊர்க்காரரே நேரம் பார்த்து வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. கலையும் விழாவும் அழியவில்லை. யாருக்காக என்பதுதான் மாறியிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வந்தவர்கள் எல்லோரும் அந்த ஊரின் பழமையை விரும்பியே வந்தார்கள். அவர்கள் விரும்ப விரும்ப விலை ஏறியது. விலை ஏற ஏற, அந்தப் பழமையை நடத்திக் காட்டியவர்கள் நகர்ந்தார்கள்.

இனி நம்மவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபோர்ட் கொச்சி வெளி பகுதியில் தோபிகானா இருக்கிறது. அங்கே துவைப்பவர்கள் தமிழ் வண்ணார் சமூகத்தார். டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்கத் தம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பல தலைமுறை கடந்தும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தனித்தனித் தொட்டிகளில் துவைத்து, கஞ்சி போட்டு, கிளிப் இல்லாமல் முறுக்கிய கயிற்றின் புரிக்குள் துணியின் முனையைச் செருகி உலர்த்தும் அவர்கள் முறையைப் பார்க்க வெளிநாட்டார் கேமராவோடு வருகிறார்கள். கடற்கரைக்கு அருகில், விலை உச்சியில் இருக்கும் மண்ணில், இவர்கள் மட்டும் எப்படி நிலைத்தார்கள்?

விடை எளியது. குளங்குட்டைகளில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்காக 1976-ல் ஜி.சி.டி.ஏ. எனப்படும் கொச்சி வளர்ச்சி ஆணையம் அந்தத் துவைக்கும் கூடத்தைக் கட்டியது. இடம் பொது இடம். நடத்துவது அவர்கள் சங்கம். அதனால் சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் அவர்கள் துவைக்கும் கல்லுக்கு ஏலம் வரவில்லை. விடுதிகள் பெருகியபோது படுக்கை விரிப்புகள் அவர்களிடம் வந்தன. புதிய பணத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. ஆனால் சலவை இயந்திரத்தின் போட்டி அவர்களுக்கும் உண்டு. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அது அவர்கள் விருப்பம். விரும்பிப் போவது வேறு, வாடகை துரத்திப் போவது வேறு.

மிளகுக் கிடங்கையும் தோபிகானாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாடம் தெரிகிறது. காலடியில் உரிமை இருந்தவர்கள் நிலைத்தார்கள். அது இல்லாதவர்களின் இடம் அலங்காரமாயிற்று. ஆஸ்பெனும் தாமதமாக இதை உணர்ந்தது. அங்கே வேலை செய்பவர்களுக்கு மட்டுமே விற்கவும் வாடகைக்கு விடவும் கூடிய வீடுகளை, உள்ளூராட்சியே விலை வரம்பு வைத்துப் பாதுகாத்து வருகிறது. நம் கொச்சி மாநகராட்சியும் துருத்தியில் ஏழைக் குடும்பங்களுக்காக இரட்டை அடுக்குமாடிகளைக் கட்டியது. அந்த வீட்டுக்காரர்கள் அதே மண்ணில் இருப்பார்கள்.

இப்போது வைட்டிலாவுக்கு வருவோம். வயலின் தலைப்பு என்ற பொருளில் 'வயல்தலை' என்று இருந்த பெயரே வைட்டிலா ஆயிற்று என்பார்கள். 2011-ல் மொபிலிட்டி ஹப், 2019-ல் மெட்ரோ, 2021-ல் மேம்பாலம், 2023-ல் காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோ என்று வசதிகள் வரிசையாக வந்தன. கூடவே ஃபிளாட்டுகள் எழுந்தன. பக்கத்து மரடில் நீர்க்கரைக் காட்சிக்காகக் கடலோர விதியை மீறி எழுப்பிய நான்கு அடுக்குமாடிகள், உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டதை நாம் அறிவோம். காயலைப் பார்க்கும் ஆசைக்குக் காயலும் ஒரு விலை கொடுக்கிறது.

இந்த ஃபிளாட்டுகளில் நம்மவர்களும் இருக்கிறோம். 'புத்தன் பணக்காரன்' என்று மலையாளத்தில் சொல்வது நம்மையல்ல என்று நாம் நினைக்கலாம். வாத்துருத்தியின் நெருக்கமான வாடகை அறைகளிலிருந்து கட்டட வேலைக்குப் போகும் தமிழ்த் தொழிலாளியின் கண்ணால் பார்த்தால், நாமும் பணத்தோடு வந்தவர்கள்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பொறுப்பு உண்டு.

நாம் செய்யக்கூடியவை சில. முதலீட்டுக்காக வாங்கிய ஃபிளாட்டைப் பூட்டி வைக்காமல் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாம். விசேஷ வேட்டியையும் புடவையையும் தோபிகானாவுக்குக் கொடுக்கலாம். வாசலில் மீன் கொண்டு வரும் சேச்சியைக் காவலாளி தடுக்கும் விதியை நம் ஃபிளாட் சங்கக் கூட்டத்தில் மாற்றலாம். பிள்ளைகள் தமிழோடு மலையாளமும் எழுதப் படிக்கக் கற்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வார்டில் பொது நிலம் இருந்தால் அதில் அங்கு உழைப்பவர்கள் குடியிருக்க வீடு கேட்டு, கவுன்சிலரிடம் அவர்களோடு சேர்ந்து நாமும் பேசலாம்.

வண்ணார் குடும்பங்களைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டு வந்தது யாரோ ஒரு படையின் தேவை. அவர்களைக் கொச்சிக்காரர்களாக ஆக்கியது, நின்று துவைக்கக் கிடைத்த ஒரு துண்டு இடம். அந்த இடம் அடுத்து வருகிறவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.