கடற்பாசி உறைக்குள் பன்றியின் செல்கள்

கணையத்திலுள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகளே இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில், உடலின் எதிர்ப்பாற்றலே இத்திட்டுகளிலுள்ள இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. நோயாளி, சிறுவராயினும், நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மனிதக் கணையம் கொடையாகக் கிடைப்பது அரிது. பன்றியின் இன்சுலினோ மனித இன்சுலினிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தால்தான் வேறுபடுகிறது. ஆகவே பன்றியின் திட்டுகளைப் பொருத்த அறிவியலார் முயன்றனர். ஆனால் அயல் செல்லை உடல் எளிதில் விட்டுவைக்குமா?

நியூசிலாந்து ஆய்வாளர்கள் கையாண்ட வழி நயமானது. கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஆல்ஜினேட்டைக் கொண்டு திட்டுகளுக்கு உறையிட்டனர். உறையின் நுண்துளைகள் வழியே சர்க்கரை உட்செல்லும், இன்சுலின் வெளிவரும், வெள்ளையணுக்கள் நுழைய இயலா.

1996-இல் ஒருவருக்கு இவ்வாறு பொருத்திய திட்டுகளுள் சில ஒன்பதரை ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தன. எனினும் அவை சுரந்த இன்சுலின் போதவில்லை. அவருக்கு ஊசி தேவைப்பட்டது.