பழைய பொருட்களும் புதிய குடிலும்: எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது?

மலைநாட்டில் வீட்டை இழந்த ஒரு குடும்பத்துக்கு அடுத்த வீடு எப்போது கிடைக்கும் என்பதை யாரும் திட்டமாகச் சொல்ல முடிவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன்களை மூடியது. தப்பியவர்களுக்கான புதிய வீடுகள் 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே கையளிக்கப்பட்டன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் பலர் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடெங்கும் 600இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் லயன்களும் மரக்கறித் தோட்டங்களும் மண்ணோடு போயின.

வட்டகொடை, தலவாக்கலை, பூண்டுலோயாப் பகுதிகளில் இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களுக்கு இது செய்தி அல்ல, வாழ்க்கை. எனவே, "தற்காலிகம்தானே" என்று வெறும் தரையிலும் ஈரச் சுவரோடும் காலம் தள்ளுவது சரியல்ல. பிள்ளைகள் படிப்பதும், நோயாளி படுப்பதும், தாய்மார் சமைப்பதும் அந்தத் தற்காலிகத்துக்குள்ளேதான். கையில் காசு இல்லாத நேரத்தில் பழைய பொருட்களைக் கொண்டு வீட்டைச் சீராக்குவது எப்படி என்பதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

இது எமது மக்களுக்குப் புதிய வித்தை அல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் எதையும் வீணாக்கியதில்லை. இடுப்பில் கட்டிய படங்கு கிழிந்தால் வாசல் மிதியடியாகும். கவ்வாத்து மிலாறு அடுப்புக்கு விறகாகும். மாச்சாக்கு தலையணை உறையாகும். ஆயினும், பழைய பொருள் எல்லாமே நல்ல பொருள் என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்று கேள்விகள்

எந்தப் பழைய பொருளையும் வீட்டுக்குள் எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கவேண்டும். முதலாவது: இதற்குள் முன்பு என்ன இருந்தது? இரண்டாவது: மழை, வெயில், நெருப்பு பட்டால் இதற்கு என்ன ஆகும்? மூன்றாவது: நாம் இங்கிருந்து போகும்போது இதையும் கொண்டுபோக முடியுமா?

மூன்றாவது கேள்வி இடம்பெயர்ந்தவர்களுக்கே உரியது. நமக்குச் சொந்தமில்லாத நிலத்தில், என்றோ விட்டுப்போகவேண்டிய கொட்டிலில், உழைப்பை முழுவதும் சுவரிலும் தரையிலும் போட்டுவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். அதே உழைப்பைப் பெட்டியிலும், பாயிலும், போர்வையிலும், மறைப்பிலும் போட்டால் அது நம்மோடு புதிய வீட்டுக்கு வரும். ஒழுகாமலும் குளிர் புகாமலும் இருப்பதற்கு வேண்டியதை மட்டும் கொட்டிலுக்குச் செய்து, மிகுதி உழைப்பை எடுத்துச் செல்லக்கூடிய பொருட்களுக்குக் கொடுப்பதே புத்தி.

பெட்டிகள்

முன்னர் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் ஏற்றுமதியாகியது. இன்று பெரும்பாலும் பல்லடுக்குக் காகிதச் சாக்குகளிலேயே போகிறது. பழைய தேயிலைப் பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் அலுமாரியாகவும் மேசையாகவும் நிற்கின்றன. அவற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தாளைக் கவனிக்கவேண்டும. பழைய காலத்தில் ஈயத்தாளும் பிற்காலத்தில் அலுமினியத் தாளும் இட்டார்கள். கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது கடினம். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. ஆகவே தாள் உள்ள பெட்டியில் அரிசி, மா, பருப்பு வைக்கவேண்டாம். தாளை உரித்தால் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அதை அடுப்பில் போடவேண்டாம்.

தேயிலைப் பெட்டி இல்லாவிட்டால் கடைகளில் கழிக்கும் பழப்பெட்டிகள் போதும். துருத்தி நிற்கும் ஆணிகளை நீக்கி, கரடுமுரடான இடங்களைத் தேய்த்து, வாய்ப்பக்கம் முன்னே பார்க்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் இறுகக் கட்டினால் அலுமாரி. பெட்டிகளை ஒன்றோடொன்று ஆணியடிக்க வேண்டாம். கட்டை அவிழ்த்தால் ஒவ்வொரு பெட்டியும் பாத்திரங்களோடும் புத்தகங்களோடும் அப்படியே லொறியில் ஏறும்.

உரப்பைகள்

உரப்பை, அரிசிப்பை, சீனிப்பை ஆகியன பிளாஸ்டிக் இழையால் நெய்யப்பட்டவை. மழைக்கு அசையமாட்டா. ஆனால் வெயில் அவற்றின் எதிரி. சில மாதங்கள் நேர் வெயிலில் கிடந்தால் இழை நொறுங்கித் தூளாகிவிடும். நெருப்புப் பட்டாலோ உருகி எரிந்து சொட்டும். எனவே கூரைக்கு மேலும் அடுப்பங்கரையிலும் அவற்றுக்கு இடமில்லை. வீட்டின் உட்பக்கமே அவற்றுக்கு ஏற்ற இடம்.

ஒரே அறையில் எல்லோரும் வாழும்போது பெண்பிள்ளைகளுக்கு உடுத்து மாற்ற ஒரு மறைவிடம் கட்டாயம் தேவை. நான்கு பைகளைத் தையல் பிரித்து விரித்து, ஓரங்களை மடித்து ஒன்றாகத் தையுங்கள். அதன் ஒரு பக்கத்தில் பழைய சேலையை வைத்துத் தைத்தால் வெளிச்சத்தில் நிழல் தெரியாத தடித்த மறைப்பு கிடைக்கும். மேல் விளிம்பில் கயிறு நுழைத்து இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டலாம். போகும்போது சுருட்டி எடுக்கலாம். உரப்பையை முதலில் நன்கு கழுவுங்கள். ஆனால் குடிநீர் எடுக்கும் பீலியிலோ ஓடையிலோ கழுவவேண்டாம்.

பழைய சேலைகள்

வட்டகொடையின் இரவுக்குளிரை வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வங்காளத்துப் பெண்கள் பழைய பருத்திச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத் தையலால் இணைத்து, 'காந்தா' என்ற போர்வையைப் பல தலைமுறைகளாகச் செய்துவருகின்றனர். சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பது அவர்களது பழைய வழக்கம். கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்களும் துண்டுத் துணிகளால் போர்வை தைக்கின்றனர். ஏழைப் பெண்களின் கையிலிருந்து வந்த இவ்வேலைகள் இன்று பெரிய கடைகளில் நல்ல விலைக்கு விற்கப்படுகின்றன.

நாமும் செய்யலாம். மூன்று அல்லது நான்கு சேலைத் துணிகளைச் சுருக்கமில்லாமல் அடுக்கி, முதலில் நான்கு ஓரங்களையும் பெரிய தையலால் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னர் நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாகத் தையுங்கள். அடுக்குகளுக்கிடையே நிற்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது. ஆகவே நூலை அதிகம் இழுத்து இறுக்கவேண்டாம்.

போர்வைக்குப் பருத்தியே சிறந்தது. நைலெக்ஸ் போன்ற செயற்கை இழைத் துணி நெருப்பில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளின் போர்வைக்கும் அடுப்பருகே தொங்கும் திரைக்கும் அதைப் பாவிக்கவேண்டாம். மிதியடிக்கு அது நன்று. 2 அங்குலப் பட்டிகளாகக் கிழித்து, மூன்று மூன்றாகப் பின்னி, பின்னலை வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓரத்தோடு ஓரம் தைத்தால் ஒரு சேலையில் ஒரு நல்ல மிதியடி கிடைக்கும்.

விறகைச் சேமிக்கும் பெட்டி

நனைந்த விறகோடு போராடும் வீடுகளுக்கு இப்பெட்டி பெரிய உதவி. மூடியுள்ள பெட்டி ஒன்றில் அடியிலும் நான்கு பக்கங்களிலும் 4 அங்குலத் தடிப்புக்கு உலர்ந்த மானாப்புல் அல்லது துணித்துண்டுகளை அடைத்து, நடுவில் பானை இறுக்கமாக இருக்கும்படி குழி விடுங்கள். அரிசி நன்கு கொதித்து ஐந்து நிமிடம் ஆனதும் பானையை மூடியோடு இறக்கிக் குழியில் வைத்து, துணி அடைத்த தலையணையொன்றை மேலே அழுத்திப் பெட்டியை மூடுங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சோறு தன் சூட்டிலேயே வெந்துவிடும். உலக யுத்த காலங்களில் எரிபொருள் கிடைக்காத ஐரோப்பிய நாடுகளில் வீடு வீடாக இவ்வாறு சமைத்தார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பானையின் அடியில் தணல் ஒட்டியிருக்கக் கூடாது. சிவப்புப் போஞ்சி விதையைப் பெட்டியில் வைக்குமுன் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிடவேண்டும். அரைவேக்காட்டில் அது வயிற்றைக் கெடுக்கும்.

சாக்குத் தோட்டம்

லீக்ஸும் கரட்டும் கிழங்கும் பயிரிட்ட கை சும்மா இருக்காது. கென்யாவின் நைரோபி நகரில் கிபேரா என்னும் நெருக்கமான சேரியில் நிலமில்லாத குடும்பங்கள் சாக்கில் கீரை வளர்க்கின்றன. சாக்கின் நடுவில், இருபுறமும் வெட்டிய தகரப் பேணியை நிறுத்திச் சிறுகற்களால் நிரப்புவார்கள். சுற்றிலும் எருக் கலந்த மண்ணை இடுவார்கள். மண் உயர உயரப் பேணியை மேலே இழுத்து மீண்டும் கல் நிரப்புவார்கள். இறுதியில் நடுவே ஒரு கல் தூண் நிற்கும். அதில் ஊற்றும் நீர் சாக்கின் அடிவரை போகும். மேலேயும் பக்கங்களில் கீறிய துளைகளிலும் கீரை நடலாம்.

பெரிய சாக்கை நிரப்பிய பின் நகர்த்த முடியாது. விரைவில் இடம் மாறவேண்டிவரும் என்றால் 5 கிலோ, 10 கிலோ அரிசிப் பைகளில் நடுவதே நல்லது. வெயிலில் நிற்பதால் பை ஓராண்டுகூடத் தாங்காமல் போகலாம். இழை உதிரத் தொடங்குமுன் மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்குள் வரக்கூடாதவை

பயிர்மருந்து இருந்த கேன், போத்தல், பை எதுவாயினும் எத்தனை முறை கழுவினாலும் வீட்டுப் பாவனைக்கு உதவாது. அதில் தண்ணீரோ எண்ணெயோ வைக்கவே கூடாது. துளையிட்டு, வேறெவரும் பாவிக்க முடியாதபடி செய்து ஒதுக்குங்கள்.

உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டுகளை வெட்டவோ, துளைக்கவோ, அடுப்புக் கல்லாக்கவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளின் பின் நோயாக வெளிப்படும். அப்புறப்படுத்த வேண்டியிருந்தால் நீர் தெளித்து நனைத்து, முழுத் துண்டாகவே எடுங்கள்.

பழைய தகரத்தைக் கூரைக்குப் பாவிக்கலாம். ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்கவேண்டும். பள்ளத்தில் அடித்தால் நீர் உள்ளே இறங்கும். டயரில் மண் நிரப்பிச் சரிவில் படி அமைக்கலாம். வெறும் டயரை முற்றத்தில் விட்டால் தேங்கும் நீரில் நுளம்பு பெருகும்.

கொட்டிலைப் பெருப்பிக்கப் பின்பக்கத்து மண்திட்டை வெட்டுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெட்டிய சரிவு மழையில் பிடி தளர்ந்து இறங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகளைக் கவனியுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுநீர், காரணமின்றி இறுகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. நாம் செய்த எந்தப் பொருளையும் எடுப்பதற்காகத் திரும்பிப் போகவேண்டாம்.

முதலில் செய்யவேண்டிய ஒன்று

ஒன்றுமட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். கடையில் இனிப்பு வைக்கும் அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கழுவி, நன்கு உலர்த்துங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சுகாதாரப் புத்தகம் ஆகியவற்றைப் பொலிதீனில் சுற்றி அதனுள் இட்டு மூடியை இறுக்குங்கள். கழுத்தில் துணிவார் கட்டி, வாசலருகே தொங்கவிடுங்கள். ஓடும்போது கையில் வரவேண்டியது இது ஒன்றுதான். வீடு, காணி, நட்டஈடு எதைக் கேட்டாலும் முதலில் கேட்கப்படுவது இப்பத்திரங்களே.

பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டிய 404 வீடுகள் 2018 ஓகஸ்டில் கையளிக்கப்பட்டன. அத்தகைய வீட்டின் அளவு 550 சதுர அடி. ஒரு நாள் நாமும் அப்படியொரு வாசலில் நிற்கும்போது, வெறுங்கையோடு நிற்கவேண்டியதில்லை. நமது பெட்டி அலுமாரி சுவரோரம் நிற்கும். நாம் தைத்த போர்வை கட்டிலில் விரியும்.

வனாந்தரத்தில் அப்பம் பகிர்ந்த பின்னர், மீந்த துண்டுகளை வீணாக்காமல் சேர்க்கும்படி இயேசு தம் சீடரிடம் கூறினார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. மீந்ததைச் சேர்ப்பது வறுமையின் அடையாளமல்ல, கிடைத்ததை மதிப்பதன் அடையாளம். உரிய காணியையும் உறுதியான வீட்டையும் கேட்கும் குரலை நாம் ஒருபோதும் தாழ்த்தக் கூடாது. அது கிடைக்கும்வரை, இருக்கும் இடத்தை மனிதர் வாழும் வீடாக வைத்துக்கொள்ளும் திறமை நமது கைகளில் உண்டு.