வயல் பாசிக்கு ஒத்த நீரும் ஒவ்வாத நீரும்

நடவு முடிந்து பத்துப் பன்னிரண்டு நாட்களில் நெல் வயல் நீரின் மேல் கருநீலமும் கரும்பச்சையுமான வழவழப்பான ஏடு படர்வதை உழவர் பெருமக்கள் பார்த்திருப்பீர்கள். இதுவே நீலப்பச்சைப் பாசி. பெயர் பாசி என்றாலும், இது உண்மையில் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா இனம். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குத் தரும் ஆற்றல் இதன் பல வகைகளுக்கு உண்டு. நெல் வயலின் வளத்துக்கு இந்தப் பாசியே முக்கியக் காரணம் என்பதை 1939இல் பி. கே. டே என்ற இந்திய அறிவியலார் எடுத்துக் காட்டினார். நல்ல சூழ்நிலையில் ஒரு பருவத்துக்கு எக்டருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து இதனால் கிடைக்கலாம்.

நடவு செய்த 10ஆம் நாள் எக்டருக்கு 10 கிலோ (ஏக்கருக்கு 4 கிலோ) பாசித் தூளை வயலில் சீராகத் தூவ வேண்டும் என்பது பரிந்துரை. "தூவினேன், ஒன்றும் வரவில்லை" என்று சில உழவர்கள் குறைபடுவதுண்டு. பல நேரங்களில் குறை தூளில் இல்லை. தூவிய வயலின் நீரும், அதில் கலந்தவையும்தான் காரணம்.

பாசி என்ன கேட்கிறது?

இழை போன்ற பாசியில் ஆங்காங்கே தடித்த சுவர் கொண்ட சில அணுக்கள் இருக்கும். தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. பிராணவாயு உள்ளே புகுந்தால் அந்த வேலை நின்றுவிடும். அதனால்தான் சுவர் அவ்வளவு தடிப்பாக உள்ளது. இந்த வேலைக்கு ஒளியும் வேண்டும், மணிச்சத்தும் வேண்டும், சிறிது மாலிப்டினமும் வேண்டும். அடியுரமாகச் சூப்பர் பாஸ்பேட் இடாத வயலில் பாசி மெலிந்தே இருக்கும்.

நீரின் கார அமில நிலை நடுநிலையிலோ சற்றுக் காரமாகவோ இருப்பதே இதற்குப் பிடிக்கும். அமிலத் தன்மை மிகுந்த மண்ணில் பச்சைப் பாசி முந்திக்கொள்ளும். 30 முதல் 35 டிகிரி செல்சியசு வெப்பம் ஏற்றது. அதனால் நவரையில் மார்கழி, தை மாதக் குளிரில் வளர்ச்சி மந்தமாக இருக்கும். சொர்ணவாரியில் விறுவிறுப்பாகப் படரும். ஆனால் நட்ட முதல் வாரத்தில் பயிர் நிழல் இல்லாதபோது கடும் வெயில் இளம்பாசியை வெளுக்கச் செய்துவிடும். சம்பாவில் வேறு தொல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரப்பு வழிந்தால், படர்ந்த பாசி பக்கத்து வயலுக்குப் போய்ச் சேரும். அவருக்கு இலாபம்தான்.

திண்டிவனம் பகுதிச் செம்மண் நிலங்களில் நீர் நிற்பது கடினம். வயல் காய்ந்தால் பாசியும் சருகு போல் காய்ந்துவிடும். சில வகைகள் வித்து போன்ற உறக்க அணுக்களை உண்டாக்கி, மறுபடி நீர் கட்டியதும் உயிர் பெறும். ஆனால் ஒவ்வொரு முறை காயும்போதும் சில நாட்கள் வீணாகின்றன. திருந்திய நெல் சாகுபடியில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவோர் பாசியை மட்டும் நம்பித் தழைச்சத்தைக் குறைப்பது சரியன்று என்பது எமது கருத்து.

மரக்காணம் பக்கத்து உவர் நிலங்களைப் பற்றியும் ஒரு சொல். உப்பு எல்லாப் பாசியையும் கொல்வதில்லை. உத்தரப் பிரதேசத்தின் உவர் நிலங்களைப் பாசி வளர்த்தே திருத்தலாம் என்று ஆர். என். சிங் 1950இல் எழுதினார். உப்புத் தாங்கும் வகை அந்த மண்ணிலேயே இருக்கும். வெளியூர்த் தூளைவிட, தம் வயலில் தானாக வளர்ந்த ஏட்டை நிழலில் உலர்த்தி எடுத்து, ஒரு சென்ட் பாத்தியில் பெருக்கிக்கொள்வது அங்கு நலம்.

பாசியைக் கெடுப்பவை

முதலாவது யூரியா. கையருகே தழைச்சத்து கிடைக்கும்போது பாசி காற்றிலிருந்து பிடிக்கும் வேலையை விட்டுவிடுகிறது. இதற்கு மேலும் ஒரு நட்டம் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. பாசி மண்டிய நீரில் பகல் நேரத்தில் கரிவாயு உறிஞ்சப்படுவதால் காரத்தன்மை 9க்கும் மேல் ஏறிவிடும். மாலையில் தானாக இறங்கும். நடுப்பகலில் அந்த நீரின் மேல் யூரியா வீசினால், அது அம்மோனியா வாயுவாகிப் பறந்துபோகும். நீரை வடித்து, யூரியாவைச் சேற்றில் கலந்துவிட்டுப் பிறகு நீர் கட்டுவதே முறை. 2015 முதல் யூரியா வேம்பு பூசியே வருகிறது. அந்தப் பூச்சு இந்த ஆவியிழப்பைத் தடுக்கும் என்று இருந்துவிடலாகாது.

அடுத்தது களைக்கொல்லி. ஒளிச்சேர்க்கையைத் தடுத்துக் களையைக் கொல்லும் மருந்துகள் பாசிக்கும் எமன். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் தெளிக்கும் அட்ரசின் இவ்வகை. விழுப்புரம் வட்டாரத்தில் கரும்புத் தோட்டமும் நெல் வயலும் ஒரே வாய்க்காலை அடுத்து இருப்பது வழக்கம்; தெளித்த கையோடு பாய்ச்சும் கழிவுநீர் கீழ் வயலுக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெல்லுக்கு இடும் பூட்டாக்குளோரும் பாசியை ஓரளவு ஒடுக்கும். நட்ட 3ஆம் நாள் அதை இட்டு, 10ஆம் நாள் பாசி தூவினால் பாதிப்பு குறையும். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்.

மூன்றாவது மயில்துத்தம். நூல் நூலான பச்சைப் பாசி நாற்றைத் தூக்கும்போது, வாய்மடையில் மயில்துத்தத்தைத் துணியில் கட்டித் தொங்கவிடுவது பழைய முறை. செம்பு பச்சைப் பாசியைவிட நீலப்பச்சைப் பாசியை விரைவில் கொல்லும். எனவே அவ்வாறு செய்த வயலில் அந்தப் பருவம் பாசித் தூள் வாங்குவது வீண்செலவு. நீரை வடித்து இரண்டொரு நாள் காயவிட்டாலே நூல் பாசி ஒடுங்கும்.

பூச்சிமருந்துகளில் ஒரு விந்தை. சில மருந்துகள் பாசியைக் கொல்வதற்குப் பதிலாக, அதைத் தின்னும் நீர்ப்பூச்சிகளைக் கொன்று பாசியைப் பெருகச் செய்கின்றன. அதற்காக மருந்து அடிக்க வேண்டியதில்லை. வேப்பம் பிண்ணாக்கு இட்டாலே அந்தப் பூச்சிகள் கட்டுப்படும்.

ஏரியில் வேறு முகம்

வயலில் நண்பனாயிருக்கும் இதே இனம் ஏரியில் பகையாகலாம். ஊர்ச் சாக்கடையும் சோப்பு நீரும் உரம் கரைந்த மழைநீரும் ஏரிக்குள் வந்தால் மணிச்சத்து மிகுந்து, கோடையில் நீர் வற்றும்போது மைக்ரோசிஸ்டிஸ் போன்ற வகைகள் மண்டும். இவை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பவை அல்ல. ஆனால் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியவை. ஆத்திரேலியாவில் இத்தகைய ஏரி நீரைக் குடித்துக் கால்நடைகள் இறந்த செய்தி 1878லேயே வெளியாயிற்று. நீரைக் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது.

ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்கினால் பச்சைப் பாசி. பச்சை வண்ணத்தில் தோய்த்து எடுத்தாற்போல் குச்சி பூசிக்கொண்டு வந்தால் ஐயப்பட வேண்டியதே. அத்தகைய கரையில் மாடு, ஆடுகளை விடாதீர்கள். காற்று அந்த ஏட்டை ஒதுக்கும் கரையே மிகக் கொடியது. குடித்த மாடு நடுங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இங்கும் மயில்துத்தம் கொட்டி அவசரப்படலாகாது. பாசி இறந்து உடையும்போது அதனுள் இருக்கும் நஞ்சு முழுவதும் ஒரே நேரத்தில் நீரில் கலந்துவிடும். 1979இல் ஆத்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணைக்கு இவ்வாறு மயில்துத்தம் இட்ட பின் 140க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், பெரும்பாலோர் குழந்தைகள். சாக்கடை வாயை ஏரியிலிருந்து திருப்புவதே வழி. அது ஒரு உழவரால் ஆகாது. ஊராட்சியில் கூடிப் பேச வேண்டிய காரியம்.

பாசி தூவுமுன் மண்ணையும் கிணற்று நீரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை இதற்கு அணுகலாம். நீர் மாதிரியைக் கழுவிய புட்டியில், மோட்டார் சிறிது நேரம் ஓடிய பிறகு பிடிக்க வேண்டும். பூச்சிமருந்துப் புட்டி வேண்டாம்.