சப்ளை இல்லாமலே ஓடிய சிப்

இந்த எபிசோட், சர்க்யூட் படத்துல யாரும் வரையாத ஒரு டயோடைப் பற்றி. என் நண்பனோட ப்ராஜெக்ட் போர்டு, ரிவியூவுக்கு முந்தின நாள் என் மேசையில போனதுக்கு அதுதான் காரணம். சரி, காரணம் நான்தான். டயோடு வெறும் சாட்சி.

5 வோல்ட்ல ஓடுற ஆர்டுயினோவிலிருந்து அவனோட 3.3 வோல்ட் போர்டுக்கு ஒரு ஒயர் போட்டிருந்தேன். 3.3 வோல்ட் பவரைக் கழற்றினேன். போர்டுல இருந்த எல்இடி அணையல, மங்கலா எரியுது. கெப்பாசிட்டர்ல மிச்சம் இருக்கும்னு நினைச்சு டீ குடிக்கப் போயிட்டேன். அரை மணி நேரம் கழிச்சு வந்தாலும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு!

சிமாஸ் இன்புட்டின் கேட் ஆக்ஸைடு ரொம்ப மெல்லிசு. விரல்ல இருக்கிற ஸ்டாட்டிக் போதும், ஓட்டையாகிடும். அதனால பெரும்பாலான சிப்களில் ஒவ்வொரு இன்புட்டிலும் ரெண்டு டயோடு வைக்கிறாங்க: ஒன்று சப்ளைக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. சாதாரணமா ரெண்டும் தூங்கும். இன்புட் சப்ளையைத் தாண்டினா மேல் டயோடு திறந்து, மிச்சத்தை சப்ளை லைனுக்குத் தள்ளிவிடும். இப்ப சப்ளையே பூஜ்யம்னா? 5 வோல்ட் சிக்னல் அந்த டயோடு வழியா நுழைஞ்சு மொத்த போர்டுக்கும் கரன்ட் கொடுக்கும். நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் உழைக்கப் பிறந்த டயோடு, அரை மணி நேரம் மூட்டை தூக்கியது. அதுக்கப்புறம் அந்தப் பின் எதையும் படிக்கல.

இதுல நான் தனி ஆள் இல்லை. 1985 ஏப்ரல் 26, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஏகார்ன் நிறுவனத்துக்கு முதல் ஆர்ம் சிப் வந்தது. நல்லா ஓடியது. கரன்ட் அளந்தா மீட்டர் பூஜ்யம்! பார்த்தா சப்ளை லைனே இணையல. மற்ற சிப்களின் சிக்னல்கள் வழியா கசிந்து வந்த கரன்ட்லயே பிராசசர் ஓடிக்கிட்டிருந்தது.

74ஹெச்சி வரிசையின் டேட்டாஷீட்டில் எல்லை தெளிவா இருக்கு. இன்புட், சப்ளைக்கு மேல 0.5 வோல்ட்டையோ கிரவுண்டுக்குக் கீழ 0.5 வோல்ட்டையோ தாண்டினா, டயோடு கரன்ட் 20 மில்லி ஆம்பியருக்குள் இருக்கணும். அதுவும் தாங்கும் எல்லைதான், தினமும் ஓட்டுறதுக்கான அளவு இல்லை. மீறினா உள்ளே லேட்ச்-அப் ஆகி, பவரை நிறுத்தும்வரை சிப் கொதிக்கலாம்.

10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டிருந்தா, என் கேஸ்ல அரை மில்லி ஆம்பியர்கூட ஓடியிருக்காது. வேகமான சிக்னலுக்கு இது சரிவராது, விளிம்புகள் சோம்பேறியாகிடும். அங்கே 74ஹெச்சி4050 போடுங்க. அதுல மேல் டயோடே கிடையாது, இன்புட் 15 வோல்ட் வரை தாங்கும்.

நண்பனுக்கு வேற பின்னுக்கு கோடை மாத்திக் கொடுத்தேன். ரிவியூ முடிஞ்சது. போர்டு காசு இன்னும் பாக்கி.