வழியில் பசியாற...

விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு எங்கே போவது என்பது. இரண்டாவது, எதைக் கட்டிக்கொண்டு போவது என்பது. எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, அவித்த முட்டை, தேங்காய்த் துவையல் என்று முதல்நாள் இரவே உம்மாமார் அடுப்படியில் நின்றுவிடுகிறார்கள். வண்டி புறப்படும் வைகறையில் வீட்டிலேயே மிகக் களைத்துப்போனவர்கள் அவர்கள்தாம். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் இரண்டு விடைகள் வரும். வெளியே சாப்பிட்டால் பணம் தாங்காது என்பது ஒன்று; அங்கே கறி எப்படி அறுக்கப்பட்டதோ தெரியாது என்பது மற்றொன்று.

இரண்டுமே நியாயமான அச்சங்கள்தாம். பயணம் மனிதனின் ஊணையும் உறக்கத்தையும் கெடுக்கும் ஒரு வேதனை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது. ஆயினும், நாடறிந்த உணவகங்கள் பல, காசுக்கு அஞ்சிய வழிப்போக்கர்களுக்குச் சோறிட்டே பெயரெடுத்தவை. அவற்றை நாடிச் செல்லும் நடுத்தரக் குடும்பம், வாசலில் ஒரு கேள்வி கேட்கவும், உள்ளே எதை வாங்குவதென்று அறியவும் கற்றுக்கொண்டால் போதும். கட்டுச்சோற்று மூட்டையைப் பாதியாகக் குறைக்கலாம்.

எல்லையில் ஒரு கடை

நம் மாவட்டத்துக் குடும்பங்கள் மிகுதியாகச் செல்லும் இடம் குற்றாலம். அங்கிருந்து சிறிது தொலைவில், செங்கோட்டைச் சாலையில், பிரானூர் என்றோர் ஊர் உண்டு. மக்கள் நாவில் அதன் பெயர் ‘பார்டர்’. திருவிதாங்கூர் எல்லை ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் நான்கு வட்டங்களோடு செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தில் இணைந்தது. எல்லை மறைந்தது, பெயர் மறையவில்லை. அவ்வகையில் நமக்கும் அவ்வூருக்கும் ஒரு வரலாற்று உறவும் உண்டு.

அங்குள்ள ரஹ்மத் கடையின் பரோட்டாவை அறியாதார் தென்தமிழ்நாட்டில் சிலரே. வாழையிலையில் மெல்லிய சிறு பரோட்டாக்கள், அவற்றின்மேல் தாராளமாக ஊற்றப்படும் சால்னா, பக்கத்தில் மிளகிட்ட கோழி. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊறும்வரை சற்றே பொறுத்து உண்ண வேண்டும். பொறுமை பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பது வேறு செய்தி.

இத்தகைய கடை எப்படிக் கட்டுப்படியாகும் விலையில் விற்க முடிகிறது? மாவும் எண்ணெயும் மொத்தமாக வருகின்றன. கல் காலையிலிருந்து இரவுவரை ஓய்வதில்லை. சமைத்தது மிஞ்சுவதில்லை. ஒரே மேசையில் ஒரு மணி நேரத்திற்குள் பல குழுவினர் அமர்ந்து எழுகின்றனர். விலையைத் தாழ்த்துவது இந்த விரைவுதான். ஆகவே உண்டு முடித்தபின் அங்கேயே அமர்ந்து குடும்பக் கதை பேசுவது பின்னால் நிற்பவருக்குச் செய்யும் அநீதியாகும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பரோட்டாவின் விலை சிறிது. சால்னாவுக்குப் பொதுவாகத் தனிக் காசு இல்லை. செலவை ஏற்றுவது தொடுகறிதான். நாட்டுக்கோழி, காடை என்று பரிமாறுபவர் ஒரே மூச்சில் ஒப்புவிப்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, சீட்டைக் கண்டபின் முகம் சுளிப்போர் உண்டு. ஐந்து பேர் உள்ள குடும்பம் வயிறார பரோட்டா வாங்கி, இரண்டு தட்டுக் கோழியைப் பகிர்ந்து உண்ணலாம். ஒரே தட்டில் கூடியுண்பது நமக்குப் புதிதன்று. பரக்கத்தும் அதில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. சாரல் காலத்தில் இத்தகைய கடைகளின் வாசலில் நிற்கும் வண்டிகளை நோக்குங்கள். ஆண்கள் உள்ளே அமர்ந்து சுடச்சுட உண்கிறார்கள். பெண்மக்களும் கைக்குழந்தைகளும் வண்டிக்குள் புழுங்கிக்கொண்டு, ஆறிப்போன பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரிக்கிறார்கள். “கூட்டமாக இருக்கிறது, உங்களுக்கு வசதிப்படாது” என்பது ஆண்கள் கூறும் சமாதானம். முதல்நாள் இரவெல்லாம் கண்விழித்தவர்களுக்கா இந்த நிலை? ளுஹருக்குச் சற்று முன்போ, அஸருக்குப் பின்போ சென்றால் கூட்டம் குறைவாயிருக்கும். குடும்பத்தினர் அமர ஒதுக்கிடம் உண்டா என்று முதலில் ஓர் ஆள் இறங்கிக் கேட்டு வரலாம். இல்லையெனில் பக்கத்துக் கடைக்குச் செல்லுங்கள். பெயர் சற்றுக் குறைந்தாலும் பெண்கள் நிம்மதியாக உண்ணும் இடமே நல்ல இடம்.

வாசலில் ஒரு கேள்வி

வடக்கே செல்லச் செல்ல ஊருக்கொரு பண்டம். விருதுநகரில் பர்மா கடையின் எண்ணெய்ப் பரோட்டா, மதுரையில் கோனார் கடையின் கறிதோசை, திண்டுக்கல்லில் தலப்பாக்கட்டி பிரியாணி. தலைப்பாகை அணிந்திருந்த நாகசாமி நாயுடு என்பவர் 1957இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய கடையே பின்னர் அவருடைய தலைப்பாகையால் பெயர்பெற்றது. சீரகச்சம்பா அரிசிக்கு அதனால் வந்த புகழும் பெரிது. இன்று பல நகரங்களிலும் கிளை பரப்பிவிட்டது. குளிரூட்டிய கூடமும் மெத்தை நாற்காலியும் வந்தால் அவற்றின் வாடகையும் நம் தட்டில்தான் ஏறும் என்பதை எங்கும் நினைவிற்கொள்ளுங்கள்.

இங்கேதான் இரண்டாவது அச்சம் எழுகிறது. உரிமையாளர் முஸ்லிமல்லாதவர் எனில் கறியின் நிலை என்ன? சிலர் விசாரிக்காமலே உண்டுவிடுகிறார்கள். சிலர் விசாரிக்காமலே வெறுத்துத் திரும்புகிறார்கள். இரண்டும் சரியன்று. “ஹலாலா?” என்று மட்டும் கேட்டால், “எல்லாம் ஹலால்தான் பாய்” என்ற விடை கேள்வி முடியுமுன்பே வந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: “கறி எங்கே வாங்குகிறீர்கள்? அறுப்பவர் யார்?” இதைப் பணிவோடு, கல்லாவில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். நம் மாநிலத்தில் ஆட்டுக்கறி வணிகத்தில் முஸ்லிம்கள் மிகுதியாக ஈடுபட்டிருப்பதால், தெளிவான விடையே பல இடங்களில் கிடைக்கும். விடை மழுப்பலாக இருந்தால் மீன் இருக்கிறது, முட்டை இருக்கிறது. எதிரிலேயே சைவ உணவகமும் இருக்கிறது. மதுரையில் இட்லியும் சட்னியும் உண்டவர் எவரும் ஏமாந்து திரும்பியதில்லை.

அதேவேளையில், முஸ்லிம் நடத்தும் கடையில் அமர்ந்து ஒவ்வொரு துண்டையும் துருவி ஆராய்வதும் தேவையற்றது. பிஸ்மி சொல்லி அறுத்தார்களா என்று தெரியாத இறைச்சியைப் புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய மக்கள் கொண்டுவருகிறார்களே என்று கேட்கப்பட்டபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆனால், 786 எழுதிய பலகை ஒன்றே போதும் என்று இருந்துவிடவும் கூடாது. ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே திருமறை (2:168) வலியுறுத்துகிறது. ஈ மொய்க்கும் மேசையும் பலமுறை கொதித்த எண்ணெயும் தய்யிப் ஆகா.

சென்னை சென்றால் அண்ணா சாலையின் புஹாரி உணவகம் உண்டு. ஏ.எம். புஹாரி 1951இல் தொடங்கியது. ‘சிக்கன் 65’ என்ற பெயர் 1965இல் தங்கள் உணவுப் பட்டியலில் பிறந்தது என்பது அவ்வுணவகத்தின் கூற்று. அறுபத்தைந்து மிளகாய், அறுபத்தைந்து நாள் கோழி என்பன போன்ற கதைகளுக்கு ஆதாரமில்லை.

வேலூர் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அவர்கள் அறிய வேண்டியது, அருகிலுள்ள ஆம்பூர். ஆற்காட்டு நவாபுகளின் சமையற்கூடத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் பிரியாணி அவ்வூருடையது. அங்குள்ள ஸ்டார் பிரியாணிக் கடையார் தம் தொழில் 1890இல் தொடங்கியது என்கின்றனர். காய்ந்த மிளகாய் விழுது சேர்த்துச் சமைத்த சீரகச்சம்பாச் சோறு, தொட்டுக்கொள்ளப் புளிப்பேறிய கத்திரிக்காய், வெங்காயத் தயிர்ப்பச்சடி. நெய் வழியும் கல்யாண பிரியாணிபோல் அது வயிற்றில் கனப்பதில்லை. நோயாளியோடு அலைந்து சோர்ந்தவர்கள் ஒரு வேளையேனும் நன்றாக உண்ண வேண்டாமா?

கடல் கடந்தும்

கடையநல்லூர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பினாங்கு அடுத்த தெருவைப் போன்றது. அங்கு ‘நாசி கண்டார்’ எனப்படும் சோறும் கறியும் தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணம். தோளில் ஒரு கம்பு. அதன் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் கறிச்சட்டி. இவ்வாறு சுமந்து சென்று துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற எளிய உணவு அது. அக்கம்பின் பெயரே உணவுக்கும் ஆயிற்று. 1907இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் அங்கே நடைபெறுகிறது. அங்கும் நம் பார்டர் கணக்கேதான்: சோறும் கலந்து ஊற்றும் குழம்பும் மலிவு, பெரிய இறாலும் மீன்முட்டையும் தட்டில் ஏறினால் காசாளர் சொல்லும் தொகை திடுக்கிட வைக்கும்.

உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் பிரெஞ்சு நாட்டு மிஷெலின் கையேட்டில், நியாய விலையில் நல்லுணவு தரும் கடைகளுக்கென்று 1997 முதல் தனிப் பிரிவு உண்டு. 2007இல் அது ஆசியாவில் முதன்முதலாகக் காலடி வைத்தது தோக்கியோவில். ஜப்பானில் எளிய நூடுல்ஸ் கடைகள்கூட அக்கையேட்டில் இடம்பெறுகின்றன. ஆனால் நம்மவர்க்கு அங்கே சோதனை கடுமை. நூடுல்ஸ் மிதக்கும் சாற்றைப் பன்றி எலும்பில் காய்ச்சுவது வழக்கம். மிரின் என்னும் இனிப்பு அரிசி மது பல குழம்புகளில் கலக்கிறது. பணிக்கும் படிப்புக்கும் அங்கே செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு: முதலில் பள்ளிவாசலைத் தேடுங்கள். கோபே நகரில் 1935இல் எழுந்த ஜப்பானின் முதல் பள்ளிவாசலுக்கு இந்திய முஸ்லிம் வணிகர்களும் வாரி வழங்கியிருக்கிறார்கள். தோக்கியோவின் பெரிய பள்ளிவாசல் 2000இல் புதுப்பித்துக் கட்டப்பட்டது. தொழ வருவோரிடம் விசாரித்தால், எந்தக் கடையில் ஹலால் கோழி, எங்கே மலிவு என்ற செய்தியெல்லாம் கிடைக்கும்.

பன்றியிறைச்சிக்கு அவர்கள் மொழியில் ‘புத்தா’ என்று பெயர். அந்த ஒரு சொல்லை மனனம் செய்துகொள்ளுங்கள். அங்கே பல நூடுல்ஸ் கடைகளில் வாசலிலுள்ள இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுத்த பின்னரே சமையற்காரர் முகத்தைக் காண முடியும். ஆகவே, கேட்க வேண்டியதைக் காசு போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.