போலாமா... இருக்கலாமா? சேலத்துல நடந்த பழைய பட்டிமன்றம்!

டிபேட் காம்பெடிஷன்ல சீட்டு எடுத்திருக்கீங்களா? எந்தப் பக்கம் பேசணும்னு நம்ம தலையெழுத்தை அந்தத் துண்டுச் சீட்டுதான் முடிவு பண்ணும். போன செமஸ்டர்ல எனக்கு வந்த சீட்டுல இருந்தது ஒரே வார்த்தை... 'வெளியேறலாம்!'

தலைப்பு இதுதான். 'அரசியலுக்கும் வியாபாரத்துக்கும் கூட்டு சேர்ந்த ஒரு நாடு, அந்தக் கூட்டை விட்டு வெளியேறலாமா?' நமக்குத் தெரிஞ்ச ஒரே மேட்டர் பிரெக்ஸிட். கொண்டப்பநாயக்கன்பட்டியில எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து விடிய விடிய பாயின்ட் எடுத்தேன்.

உங்களுக்காக ஒரு குட்டி ரீவைண்ட்!

2016 ஜூன் 23. ஐரோப்பிய யூனியன்ல இருக்கலாமா, போலாமானு பிரிட்டன்ல ஓட்டெடுப்பு. 'போலாம்' 51.9 சதவீதம், 'இருக்கலாம்' 48.1 சதவீதம். ஜெயிச்ச உடனே மூட்டை கட்டிட்டாங்களானு கேட்டா, இல்லை. நிஜமா வெளியே வந்தது 2020 ஜனவரி 31. நடுவுல ரெண்டு பிரதமர்கள் பதவியை விட்டுப் போனாங்க. இதுல நம்ம செட்டுக்கு வலிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. அங்க 18-24 வயசுக்காரங்கள்ல ஏறக்குறைய 70 சதவீதம் பேர் 'இருக்கலாம்'னு ஓட்டுப் போட்டதா கருத்துக்கணிப்புகள் சொல்லுது. முடிவோட ரொம்ப நாள் வாழப் போறவங்க கேட்டது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணு!

இதையெல்லாம் நோட்டுல எழுதிட்டு இருந்தப்ப, கயிற்றுக் கட்டில்ல படுத்திருந்த தாத்தா எட்டிப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, இன்னும் தூங்கலியா?”

விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சுட்டார்.

“இதுக்கு எதுக்குக் கண்ணு இங்கிலாந்து வரைக்கும் போற? இந்தப் பட்டிமன்றம் நம்ம சேலத்துல உன் அப்பன் பொறக்குறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சு போச்சே!”

தாத்தா சொன்ன ஃபிளாஷ்பேக்

நம்ம ஊர் பேர் வரலாற்றுப் புத்தகத்துல வர்ற இடம் அது. 1944 ஆகஸ்ட் 27, சேலம் மாநாடு. நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்'னு பேர் மாறினது இங்கேதான். பெரியார் தலைமை, தீர்மானத்துக்குப் பேரே 'அண்ணாதுரை தீர்மானம்'. அப்போ அவங்களோட பெரிய கோரிக்கை தனித் திராவிட நாடு. 1949-ல் தி.மு.க. பிறந்த பிறகும் அந்தக் கோரிக்கை கூடவே வந்தது.

மொழி, பண்பாடுன்னு காரணங்கள் இருந்தாலும், மேடையில பேசினதுல பாதி கணக்கு வழக்குதான். 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது'ங்கிற கோஷம் ஞாபகம் இருக்கா? ஆலை, வங்கி, மூலதனம் எல்லாம் வடக்கே போகுது, தெற்கு வெறும் சந்தையா நிக்குதுன்னு அண்ணா 'பணத்தோட்டம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். பிரிட்டன்ல 2016-ல 'வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்கு அனுப்புறோம்'னு பஸ்ல எழுதி ஓட்டினாங்களே... (திரும்பி வர்ற பணத்தைக் கழிக்காத கணக்கு அது!) அதே மாதிரி, பிரிவினை பேச்சு எந்த ஊர்ல கிளம்பினாலும் முதல்ல திறக்கிறது கணக்கு நோட்டைத்தான்.

1957 தேர்தல்ல நம்ம பக்கத்து நாமக்கல், ஈ.வெ.கி. சம்பத்தை எம்.பி. ஆக்கி டெல்லிக்கு அனுப்புச்சு. அதே சம்பத், 1961-ல் திராவிட நாடு நடக்காத காரியம்னு சொல்லிட்டு கட்சியை விட்டே வெளியே வந்தார். ஆந்திரா, கர்நாடகா, கேரளா யாரும் அந்தக் கோரிக்கைக்குத் தலையாட்டலை. கூட வர வேண்டியவங்களே வராதப்ப, யாரைச் சேர்த்துக்கிட்டுப் பிரியறது?

1962-ல் ராஜ்யசபாவுக்குப் போன அண்ணா அங்கேயே எழுந்து பிரிவினைக்காக வாதாடினார். அதே வருஷம் அக்டோபர்ல சீனப் போர். அண்ணா கோரிக்கையை ஓரமா வெச்சுட்டு, போர் முயற்சிக்கு ஆதரவு கொடுத்தார். 1963-ல் அரசியல் சட்டத்தோட 16-வது திருத்தம் வந்தது. தேர்தல்ல நிக்கணும்னா இந்தியாவோட இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன்னு உறுதிமொழி எடுக்கணும். அந்த வருஷமே தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. ஆனா, 'பிரிவினை கேட்டதுக்கான காரணங்கள் அப்படியேதான் இருக்கு'ன்னு அண்ணா சொல்லத் தவறலை.

“நான் அப்ப எட்டாவது படிச்சேன். டீக்கடையில ஒரு வாரம் ஒரே சத்தம். கோழைத்தனம்னு ஒருத்தர், புத்திசாலித்தனம்னு ஒருத்தர்...” என்றார் தாத்தா.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எங்கப்பா கிழங்கு லோடு ஏத்தச் சொன்னார். போயிட்டேன்!”

கிழங்கு வெச்ச ஆப்பு

மறுநாள் மேடையில பிரிட்டன், திராவிட நாடு எல்லாத்தையும் கலந்து கட்டி அடிச்சேன். செம கைதட்டல். அப்புறம் எதிரணியில இருந்து ஆத்தூர் பொண்ணு ஒருத்தி எழுந்தா. கேட்டது ஒரே கேள்வி.

“உங்க வீட்டு மரவள்ளிக் கிழங்கு கடைசியில எங்கே போகுது பிரதர்?”

நான் அவுட்!

ஏன்னு சொல்றேன். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல மலேயா, சிங்கப்பூர்ல இருந்து ஜவ்வரிசி வர்றது நின்னு போச்சு. அப்போதான் சேலத்துல மரவள்ளியில இருந்து ஜவ்வரிசி பண்ண ஆரம்பிச்சாங்க. கிழங்கைத் தோல் உரிச்சு, அரைச்சு, பாலைத் தெளிய வெச்சு, மாவை உருட்டி, வறுத்து, களத்துல காய வைக்கிற வேலை. சேலம் மாநாடு நடந்த அதே காலகட்டம், கவனிச்சீங்களா? ஒரு பக்கம் ஊர் பிரிவினை பேசிட்டு இருக்கு, இன்னொரு பக்கம் அதே ஊர் வடக்கே விக்கிற ஒரு பொருளைச் செய்யப் பழகிட்டு இருக்கு!

நம்ம வீட்டுல ஜவ்வரிசின்னா பாயசம், வடகம். வருஷத்துக்கு எத்தனை கிலோ வாங்குவோம்? மகாராஷ்டிரா, குஜராத்ல அது 'சாபுதானா'. ஏகாதசி, நவராத்திரி விரதம்னா கிச்சடியே அதுலதான். சேலம் சேகோசர்வ் ஏலத்துல எடுக்கிற மூட்டைகள் லாரி ஏறி அங்கேதான் போகுது. அந்த லாரியும் பெரும்பாலும் நம்ம நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து ஆளுங்களோடது. நடுவுல ஒரு நாட்டு எல்லை, ஒரு சுங்கச்சாவடி, ஒரு இறக்குமதி வரி வந்தா? வடக்கே விரதம் இருக்கிறவங்க வேற நாட்டு ஜவ்வரிசி வாங்கிப்பாங்க. எங்க தாத்தா கிழங்கை என்ன பண்ணுவார்?

சிங்கப்பூர் ஜெயிக்கலையானு நீங்க கேட்பீங்க. நானும் அதைத்தான் கேட்டேன். 1963-ல் மலேசியாவோட சேர்ந்து, 1965 ஆகஸ்ட் 9-ல் பிரிஞ்ச நாடு. சேர்ந்தப்ப பேசின பொதுச்சந்தை சரியா கிடைக்காததும் அந்தச் சண்டைக்கு ஒரு காரணம். பிரிவு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவங்கள்ல யாழ்ப்பாணத்துல பிறந்த நம்ம எஸ். ராஜரத்தினமும் ஒருத்தர். ஆனா சிங்கப்பூர் துறைமுகம். உலகமே அதுக்கு வாடிக்கையாளர். சேலத்துக்குக் கடலே கிடையாது பாஸ்!

அப்போ வாயை மூடிட்டு இருக்கணுமா?

இங்கதான் கதையில ட்விஸ்ட். பிரிவினையைக் கைவிட்ட அண்ணா, 1967-ல் முதலமைச்சர் ஆனார். அந்த வருஷமே ஜூலையில 'எழுச்சி நாள்' நடத்தி டெல்லிகிட்ட கேட்டதுல முக்கியமான ஒண்ணு, சேலம் இரும்பாலை. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-ல் ஆலை ஓட ஆரம்பிச்சது. கஞ்சமலைத் தாதுவை உருக்குற ஆலைன்னு கனவு கண்ட ஊருக்குக் கிடைச்சது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உருட்டுற ஆலை. கேட்டது முழுசா வரலை, வந்ததும் லேட்டு. ஆனா அதே பழைய கணக்கு நோட்டை வெச்சுக்கிட்டு, உள்ளே உட்கார்ந்து பேரம் பேசி வாங்கினது அது.

அந்தப் பேரம் இன்னும் முடியலை. 1969-ல் ராஜமன்னார் குழு, 1974-ல் சட்டமன்றத்துல மாநில சுயாட்சித் தீர்மானம், 2025-ல் நீதிபதி குரியன் ஜோசப் குழு. 2011 கணக்குப்படி நாட்டு மக்கள்தொகையில நாம கிட்டத்தட்ட 6 சதவீதம். 2021-26க்கு 15-வது நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரிச்ச வரியில நம்ம பங்கு 4.079 சதவீதம். கோபம் வரத்தானே செய்யும்?

பிரிட்டனுக்கு ஒரு கதவு இருந்துச்சு. லிஸ்பன் ஒப்பந்தத்தோட 50-வது பிரிவு, 'போறதுன்னா இப்படிப் போ'ன்னு வழி சொன்னது. நமக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. அதனாலேயே உள்ளே சத்தமா பேச வேண்டியிருக்கு. ஜி.எஸ்.டி. கவுன்சில்ல மத்திய அரசுக்கு மூணுல ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து மூணுல ரெண்டு பங்கு. தீர்மானம் ஜெயிக்க முக்கால் பங்கு வேணும். அதாவது, மத்திய அரசு இல்லாம மாநிலங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது! நம்ம வாட்ஸ்அப் குரூப்ல 'பிரிஞ்சுடலாம் மச்சி'னு மீம் போடுற நேரத்துல, இந்தக் கணக்கை எத்தனை பேர் பேசுறோம்?

டிபேட்ல எனக்கு ரெண்டாவது பரிசு. முதல் பரிசு யாருக்குன்னு சொல்லணுமா என்ன? ஆத்தூருக்குத்தான்!

வீட்டுக்கு வந்து தாத்தாகிட்ட, “அன்னைக்கு டீக்கடையில யார் பக்கம் நியாயம் தாத்தா?”னு கேட்டேன்.

“ரெண்டு பேரும் நியாயமாத்தான் பேசுனாங்க கண்ணு. மறுநாள் ரெண்டு பேரு வண்டியும் ஒரே ஃபேக்டரி வாசல்லதான் நின்னுச்சு. அங்க போய் கிழங்கு வெலைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து சண்டை போட்டாங்க” என்றார்.