சுண்ணாம்பின் ஐந்தொகை

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி முதலிய செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் எழுப்பிய மாளிகைகளைக் காண்போர், அவற்றின் சுவர்களைத் தொட்டுப் பார்த்து வியப்பர். பளிங்கைப் போல் வழவழப்பாகவும் குளிர்ச்சியாகவும் விளங்கும் அச்சுவர்களின் மேற்பூச்சு சுண்ணாம்பால் ஆயது. சுண்ணாம்பை நீற்றி, மணலுடன் நன்கு அரைத்து, கடுக்காய் நீர், முட்டையின் வெண்கரு முதலியவற்றைக் கூட்டிப் பூசியதனால் வந்த பொலிவு அது. குளிர்ந்து நிற்கும் அச்சுவருக்குள் வெப்பத்தின் வரலாறு ஒன்று மறைந்துள்ளது. அதனை அறிந்தால், வேதியியலில் 'என்தால்பி மாற்றம்' என்று வழங்கும் கருத்து எளிதில் விளங்கும்.

சுண்ணாம்பின் வாழ்க்கையில் மூன்று நிலைகள் உண்டு. முதலாவது, காளவாய். கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கித் தீ மூட்டுவர். கிளிஞ்சல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. அது ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளியிட்டுச் சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. இரண்டாவது, நீற்றும் தொட்டி. சுட்ட சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்ந்தவுடன் சீறிக் கொதித்து, நீற்றிய சுண்ணாம்பாகிறது. மூன்றாவது, சுவர். பூசப்பட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல ஏற்று, நீரை வெளிவிட்டு, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கிளிஞ்சலாய்ப் புறப்பட்ட பொருள், மீண்டும் அதே பொருளாய்ச் சுவரில் வந்து சேர்கிறது!

இம்மூன்றும் காற்று வெளியில், மாறாத அழுத்தத்தில் நிகழ்வன. மாறாத அழுத்தத்தில் ஒரு பொருள் ஏற்கும் அல்லது வெளிவிடும் வெப்பமே அதன் என்தால்பி மாற்றம் எனப்படும். ஒரு பொருளில் அடங்கியுள்ள என்தால்பி முழுவதையும் அளந்தறிதல் இயலாது. அது கூடியதா, குறைந்ததா, எவ்வளவு என்பதையே அளக்கலாம். கணக்கு எப்போதும் பொருளின் பக்கமிருந்தே எழுதப்படும். பொருள் வெப்பத்தைப் பெற்றால் அது வரவு. கூட்டல் குறி இடுவர். வெளிவிட்டால் அது செலவு. கழித்தல் குறி இடுவர். முன்னது வெப்பங்கொள் வினை. பின்னது வெப்பம் உமிழ் வினை.

இனிச் சுண்ணாம்பின் கணக்கைப் பார்ப்போம். ஒரு மோல், அதாவது 100 கிராம், கால்சியம் கார்பனேட்டை எடுத்துக்கொள்வோம். அது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பாகவும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும்போது பெறும் வெப்பம் 178 கிலோஜூல். அச்சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் நீருடன் கூடும்போது விடும் வெப்பம் 65 கிலோஜூல். பின்னர்ச் சுவரில் இறுகும்போது விடும் வெப்பம் 113 கிலோஜூல். 65-உம் 113-உம் கூட்டினால் 178! வரவும் செலவும் சரியாக நேர்ந்துவிட்டன. தொட்டியில் ஆரவாரத்துடன் வெளிப்படும் வெப்பத்தினும், சுவர் ஓசையின்றி வெளிவிடும் வெப்பமே மிகுதி. அது திங்கள் பலவாகச் சிறிது சிறிதாக வெளிப்படுவதால், சுவரைத் தொடும் கைக்குத் தெரிவதில்லை.

இந்த உண்மையைப் பொதுவிதியாக 1840ஆம் ஆண்டில் நிறுவியவர், ஜெனீவாவில் பிறந்து இரசிய நாட்டில் பணியாற்றிய ஹெஸ் என்னும் வேதியியல் அறிஞர். ஒரு வினை ஒரே படியில் நிகழினும் பல படிகளில் நிகழினும், தொடக்கமும் முடிவும் ஒன்றாயின், மொத்த வெப்ப மாற்றமும் ஒன்றே என்பது அவர் கண்ட விதி.

ஆனால், கணக்கு நேர வேண்டுமாயின் அளவை ஒன்றாயிருத்தல் வேண்டும். நகரத்தார் கடல் கடந்து வட்டித்தொழில் நடத்திய காலத்தில், இரங்கூனில் ரூபாயும் மலேயாவில் வெள்ளியும் சைகோனில் பியாஸ்தரும் வழங்கின. அவற்றை ஒரே நாணயத்திற்கு மாற்றிய பின்னரன்றோ ஐந்தொகையில் ஒப்பிட்டுப் பார்க்க இயலும்? வேதியியலிலும் அத்தகைய பொது உடன்பாடு ஒன்று உண்டு. அதுவே திட்ட நிலை. அழுத்தம் 1 பார். ஒவ்வொரு பொருளும் தூய்மையாய், அந்த வெப்பநிலையில் தனக்குரிய நிலையில் இருத்தல் வேண்டும். வெப்பநிலையாகப் பெரும்பாலும் 25 பாகை செல்சியஸைக் கொள்வர். அழுத்தத்திற்கு முன்னர் 1 வளிமண்டல அழுத்தம் கொள்ளப்பட்டது. 1982ஆம் ஆண்டில் அது 1 பார் என மாற்றப்பட்டது. வாயுக்களின் பருமனைக் கணக்கிடக் கொள்ளும் 0 பாகையுடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.

பொருளின் நிலையைக் குறிப்பதும் இன்றியமையாதது. 18 கிராம் நீர் 25 பாகையில் ஆவியாவதற்கு 44 கிலோஜூல் வேண்டும். ஆகவே ஒருவர் நீரைத் திரவமாகவும் மற்றொருவர் ஆவியாகவும் கொண்டு எழுதினால், இருவர் கணக்கும் 44 கிலோஜூல் வேறுபடும்.

காளவாய் 900 பாகையில் எரிய, கணக்கை 25 பாகையில் எழுதுவது எங்ஙனம் பொருந்தும் என்று சிலர் ஐயுறுவர். 25 பாகையில் கிளிஞ்சல் சிதையும் என்பது இதன் பொருளன்று. 25 பாகையிலுள்ள கிளிஞ்சலில் தொடங்கி, விளைந்த பொருள்களும் 25 பாகைக்குக் குளிர்ந்த பின் கணக்கை முடிக்கிறோம் என்பதே பொருள். இடைவழி எதுவாயினும், வேறுபாடு 178 கிலோஜூலே. ஆனால் காளவாய்க்காரர் இடும் கரி இதனினும் மிகுதியாக வெப்பம் தந்தாக வேண்டும். கிளிஞ்சலைச் சூடேற்றவும், புகையோடும் காளவாய்ச் சுவரோடும் போவதை ஈடுசெய்யவும் அது செலவாகிறது. அவ்வெப்பம் சுண்ணாம்பின் பேரேட்டில் சேராது. சுவர் காற்றிலிருந்து திரும்ப ஏற்கும் வாயுவும் கிளிஞ்சலினின்று பிரிந்த அளவினதே. கரி எரிந்து உண்டாக்கிய வாயு காற்றிலேயே நின்றுவிடுகிறது.

இக்கணக்கு உயிர் காக்கும் அறிவும் ஆகும். ஒரு கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பு நீரும்போது ஏறத்தாழ 1,160 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். 30 பாகையிலுள்ள ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணர அது போதும். ஆதலின், குவிந்து கிடக்கும் சுட்ட சுண்ணாம்பின்மேல் சிறிதளவு தண்ணீரைத் தெளித்தால், அந்நீர் நொடியில் ஆவியாகிச் சூடான சுண்ணாம்பை முகத்தில் வாரி இறைக்கும்; கண் பார்வையே போய்விடக்கூடும். தொட்டியில் நிறைய நீர் வைத்து, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுதலே தக்கது. மழைநீர் படாமல் அதனைக் காத்தலும் வேண்டும். ஈரம் பட்டுச் சூடேறினால், அருகிலுள்ள வைக்கோலும் சாக்கும் தீப்பற்றக்கூடும்.

சுட்ட சுண்ணாம்புக் கட்டி கைக்குக் குளிர்ந்தே தோன்றும். காளவாயில் அது பெற்ற வெப்பம் மறைந்துவிட்டது என்றே எண்ணத் தோன்றும். மறைந்தது போல் தோன்றும் ஆற்றல் அழிந்துவிடவில்லை. பெற்றதனைத் திருப்பித் தரும் வேளையை நோக்கி அது காத்திருக்கிறது. அதனை அறிந்து கையாள்வதே அறிவுடைமை.